புயலுக்குப் பின் பிளந்து நிற்கும் மரம்



சித்திரை, வைகாசி மாதங்களைத் தில்லியில் கழித்தவர்களுக்கு 'ஆந்தி' என்னும் சொல்லுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. பிற்பகல் முழுவதும் அனலை வீசிக்கொண்டிருந்த வானம், மேற்குத் திசையில் திடீரெனச் செம்மண் நிறம் கொள்ளும். கொடியில் உலரும் துணிகளை எடுத்து வருவதற்குள் புழுதியும் காற்றும் ஒன்றாய்க் கலந்து வந்து கதவுகளை அறையும். சிறிது நேர ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு நாலு துளி மழை, மண் வாசனை, குளிர்ந்த காற்று. வெயிலின் கொடுமை தணிந்ததே என்ற மகிழ்ச்சியோடு வெளியே வருகிறோம். வந்து பார்த்தால், வாசலில் நிழல் தந்துகொண்டிருந்த வேம்பு இரண்டாகப் பிளந்து நிற்கிறது.

விழுந்துவிட்ட மரத்தைப் பற்றி அன்று, பிளந்தும் விழாமல் நிற்கிற மரத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். விழுந்த மரம் தன்னால் ஆகக்கூடிய தீங்கைப் பெரும்பாலும் செய்து முடித்துவிட்டது. பிளந்து நிற்கும் மரமோ இனிமேல்தான் செய்யப் போகிறது. அதை எவ்வாறு அணுகுவது, யாரை அழைப்பது, எந்த முறையில் வீழ்த்துவது என்பவற்றைத் தெரிந்துகொள்வது, ஊரை விட்டு வந்து அயல் மாநிலங்களில் குடியிருக்கும் நமக்கு மிகவும் அவசியமாகும். சொந்த ஊராக இருந்தால், மரம் வெட்டத் தெரிந்தவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். அவருடைய கைத்திறமும் தெரியும். இங்கே அது தெரியாது. மொழியும் சற்றுத் தடையாக நிற்கிறது. அவசரத்தில் கண்ணில் பட்டவரை அழைத்து, நாலு காசு கூலி பேசி, மரத்தைக் காட்டிவிடுகிறோம். அபாயம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த அபாயம் கற்பனையன்று. 2022ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் மாலை தில்லியை ஒரு புயற்காற்று தாக்கியது. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று பதிவாயிற்று. ஒன்றரை மணி நேரத்துக்குள் வெப்பம் 40 பாகையிலிருந்து 25 பாகைக்கு இறங்கியது. பழைய தில்லியில் ஜும்மா மசூதியின் குவிமாடத்து உச்சிக் கலசம் முறிந்து விழுந்தது. நூற்றுக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தும், கிளை முறிந்தும் சாலைகளை அடைத்தன. மூன்றாண்டுகள் கழித்து, 2025ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் விடியற்காலை வீசிய புயலில், நஜப்கட் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஓர் அறையின் மேல் மரம் சாய்ந்து, ஒரு தாயும் அவருடைய மூன்று குழந்தைகளும் மாண்டனர். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு வர்தா புயலில் சென்னை நகரமும், 2018ஆம் ஆண்டு கஜா புயலில் நாகை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளும் மரங்களைப் பறிகொடுத்து நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020ஆம் ஆண்டு ஆம்பன் புயலைக் கண்ட கொல்கத்தாத் தமிழர்களும், 2021ஆம் ஆண்டு டவ்டே புயலைக் கண்ட மும்பைத் தமிழர்களும் இதே காட்சியைத் தங்கள் தெருக்களில் பார்த்திருப்பார்கள்.

காற்றின் கணக்கு ஒன்றை இங்கே நினைவில் வைப்பது நல்லது. வேகம் இரண்டு மடங்கானால் அது செலுத்தும் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்றை ஆண்டாண்டாகத் தாங்கிய மரம், 100 கிலோமீட்டர் வேகத்தில் தடுமாறுவதில் வியப்பில்லை.

சப்தர்ஜங் வானிலை நிலையத்துக்கு அருகிலேயே இருப்பது லக்ஷ்மிபாய் நகர். சரோஜினி நகரையும் கிதுவாய் நகரையும் அண்டை அயலாகக் கொண்ட அரசு ஊழியர் குடியிருப்பு அது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அங்கே இருப்பதால், தில்லித் தமிழர்களுக்கு அந்தப் பெயர் மிகவும் பழக்கமானது. தென் தில்லியின் இத்தகைய குடியிருப்புகளில் வீட்டு வரிசைகளுக்கு இடையே வேம்பும் நாவலும் அரசும் ஓங்கி வளர்ந்து நிற்கும். அவற்றின் கீழே நம் குழந்தைகள் விளையாடுகிறார்கள். கார்களும் ஸ்கூட்டர்களும் நிற்கின்றன. காய்கறி வண்டிக்காரர் நிழலுக்கு ஒதுங்குகிறார். ஆகவே அத்தகைய குடியிருப்பு ஒன்றில், இரண்டு மாடி உயரமுள்ள ஒரு வேம்பு பிளந்து நிற்பதாக எண்ணிக்கொண்டு மேலே செல்வோம்.

மரம் ஏன் பிளக்கிறது? பெரும்பாலும் பிளவு தொடங்கும் இடம் கவடு. ஒரே பருமனுள்ள இரண்டு கிளைகள் ஒரே இடத்திலிருந்து குறுகிய கோணத்தில் எழும்போது, இடையில் பட்டை சிக்கிக்கொள்ளும். வெளியே பார்ப்பவர்களுக்கு அவை இணைந்தவை போலத் தோன்றும். உள்ளே மரத்தோடு மரம் கூடியிராது. இது முதற்காரணம். மின்சாரக் கம்பிக்காக ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் ஆண்டுதோறும் வெட்டி, மரத்தை ஒருச்சாய்வாக்கிவிடுவது இரண்டாவது காரணம். கரையானும் காளானும் உள்மரத்தைத் தின்று பொந்தாக்குவது மூன்றாவது. அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுத் தளம் பரப்பி, வேருக்கு நீரும் காற்றும் எட்டாமல் செய்துவிடுவது நான்காவது. 2013ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டுத் தளத்தை அகற்ற வேண்டும் என்று ஆணையிட்டது இதை முன்னிட்டேயாகும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பிளந்த மரத்தில் நாம் கண்ணால் காண்பது பிளவை. காணாதது அதனுள் அடைபட்டிருக்கும் விசையை. நாணேற்றி வளைத்த வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். வில் அசையாமல்தான் இருக்கிறது. ஆனால் நாணை அறுத்த கணத்தில் என்ன நேரும்? பிளந்த மரத்தின் ஒவ்வொரு பாதியும் அப்படி வளைந்த வில்லே. ஒரு பக்கத்து நார்கள் இழுபட்டு நிற்கின்றன. மறு பக்கத்து நார்கள் நசுங்கி நிற்கின்றன. எடையும் சிறிதன்று. பச்சை மரம் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன் கனக்கும். ஓர் அடி குறுக்களவும் இருபது அடி நீளமும் உள்ள ஒரு கிளை மட்டுமே, இலைகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நானூறு கிலோவுக்குக் குறையாது. இந்த எடையைச் சில அங்குலம் ஒட்டியிருக்கும் நார்கள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. புயல் ஓய்ந்துவிட்டது, மரம் இன்னும் விழுந்து முடியவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் பதித்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போகும் அனைத்தும் அதிலிருந்து தாமாகவே விளங்கும்.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது, மரத்தின் அருகே போகாமல் இருப்பதுதான். மரத்தின் உயரம் எவ்வளவோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் நாற்புறமும் கயிறு கட்டி, ஆள் நடமாட்டத்தைத் தடுக்க வேண்டும். மரத்தின் நிழலில் நிற்கும் வண்டியை எடுத்துவிடலாம் என்று ஓடுகிறவர்கள் உண்டு. வண்டி போனால் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே அதை அப்படியே விட்டுவிடுங்கள். மரம் சாயக்கூடிய பக்கத்து அறைகளில் இருப்பவர்கள், வேலை முடியும்வரை வேறு பக்கத்து அறைகளுக்கோ அண்டை வீட்டுக்கோ போய்விடுவது நலம்.

அடுத்தது மின்சாரம். கிளை ஒன்று கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால், மழையில் நனைந்த மரம் முழுவதிலும் மின்சாரம் பாயக்கூடும். அறுந்து தரையில் கிடக்கும் கம்பியைச் சுற்றியுள்ள ஈர மண்ணும் பாதுகாப்பானதன்று. தெருவில் விளக்கு எரியவில்லை, ஆகையால் மின்சாரம் இல்லை என்று யாரும் முடிவு செய்யலாகாது. எந்த வீட்டிலாவது ஜெனரேட்டரோ இன்வர்ட்டரோ தவறாக இணைக்கப்பட்டிருந்தால், நின்றுபோன கம்பியிலும் மின்சாரம் திரும்பி வரலாம். மின்சார அலுவலகத்தார் வந்து, இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்று வாயால் சொல்லும்வரையில், ஒவ்வொரு கம்பியையும் உயிருள்ள கம்பியாகவே கருத வேண்டும்.

யாரை அழைப்பது? உயிருக்கு ஆபத்து நெருங்கி நின்றால் 112 என்னும் எண் நாடு முழுவதற்கும் பொது. தீயணைப்புப் படைக்கு 101. அரசுக் குடியிருப்பில் மரம் நமக்குச் சொந்தமானதன்று. நாம் குடியிருப்பவர்கள் மட்டுமே. ஆகவே குடியிருப்பைப் பராமரிக்கும் பொறியாளர் அலுவலகத்துக்கும், தோட்டக்கலைப் பிரிவுக்கும், நகராட்சிக்கும் உடனே எழுத்து மூலமாகவும் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். பிளவு தெரியும்படி, எட்ட நின்று எடுத்த நிழற்படம் ஒன்றும் சேர்த்து அனுப்பினால், வருகிறவர்கள் தக்க கருவிகளோடு வருவார்கள்.

சட்டத்தையும் ஒருவாறு அறிந்திருப்பது நல்லது. தில்லியில் 1994ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் குறுக்களவும், ஒரு மீட்டருக்குக் குறையாத உயரமும் இருந்தாலே அது சட்டத்தின் பார்வையில் மரம்தான். மர அதிகாரியின் அனுமதியின்றி அதை வெட்டலாகாது. ஆயினும் சட்டம் இயற்றியவர்கள் புயலை மறந்துவிடவில்லை. உடனே வெட்டாவிட்டால் உயிருக்கோ உடைமைக்கோ போக்குவரத்துக்கோ பெருங்கேடு நேரும் என்னும் நிலையில், நிலத்துக்கு உரியவர் மரத்தை வெட்டிவிட்டு, 24 மணி நேரத்துக்குள் மர அதிகாரிக்குத் தெரிவித்தால் போதும். மற்ற மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் உண்டு. மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டமும், கர்நாடகத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டமும், மேற்கு வங்கத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. அந்தந்த ஊரில் குடியிருப்போர் தத்தம் நகராட்சி அலுவலகத்தில் விவரம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டுமா என்னும் கேள்வியும் உண்டு. பிளவு ஒரு பக்கத்துக் கிளையோடு நின்று, அடிமரம் கெட்டியாகவும் வேர் அசையாமலும் இருந்தால், அந்தக் கிளையை மட்டும் நீக்கி மரத்தைப் பிழைக்க வைக்கலாம். கவட்டில் சிறிய பிளவு என்றால், தலைப்பாரத்தைக் குறைத்து, இரும்புத் தண்டாலும் கம்பி வடத்தாலும் இணைத்துக் காப்பாற்றும் முறையும் இருக்கிறது. இவற்றைத் தேர்ந்தவர்களே முடிவு செய்ய வேண்டும். ஆனால் பிளவு கவட்டைத் தாண்டி அடிமரத்துக்குள் ஆழமாக இறங்கியிருந்தாலோ, காற்றில் பிளவு திறந்து மூடிக்கொண்டிருந்தாலோ, வேர்ப்பக்கத்து மண் வெடித்து உயர்ந்திருந்தாலோ, அந்த மரத்தைக் காப்பாற்ற முயல்வது மனிதரைப் பணயம் வைப்பதாகும்.

வீழ்த்துவது என்று முடிவானபின், அதைச் செய்ய வேண்டியவர் பயிற்சி பெற்றவரே, நாமல்லர். அப்படியிருக்க, முறையை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். வேலை சரியாக நடக்கிறதா, தவறாக நடக்கிறதா என்பதை அறிந்தால்தான், தவறான இடத்தில் 'நிறுத்துங்கள்' என்று சொல்ல முடியும். அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கலாம்.

காற்று அடிக்கும்போதும், மழை பெய்யும்போதும், இருட்டிலும் வேலை தொடங்கலாகாது. தனி ஆளாக யாரும் வேலை செய்யலாகாது. தலைக்கவசம், கண்ணாடி, கெட்டியான காலணி, இயந்திர ரம்பம் பிடிப்பவருக்குக் காலைக் காக்கும் தனி உடுப்பு ஆகியவை இல்லாதவரை மரத்தடியில் அனுமதிக்கலாகாது. வந்தவுடன் கோடாரியைத் தூக்குகிறவரைக் காட்டிலும், வந்து கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறவரே நம்பத்தக்கவர். அவர் மேலே பார்ப்பார்: முறிந்து, வேறு கிளையில் சிக்கித் தொங்கும் கொம்புகள் உண்டா? நடுவே பார்ப்பார்: பிளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கீழே பார்ப்பார்: வேர் பெயர்ந்திருக்கிறதா? மரத்தைத் தட்டிப் பார்ப்பார்: உள்ளே பொந்தா, கெட்டியா? இந்த நான்கும் தெரிந்த பிறகே அவர் கருவியைத் தொடுவார்.

பிளந்த மரத்தின் மேல் ஆளை ஏற்றவே கூடாது. இதற்கு விலக்கே இல்லை. தென்னையிலும் பனையிலும் அணிலைப்போல் ஏறும் திறமையுடையவராக இருந்தாலும், பிளந்த மரம் அவர் திறமையை மதிக்காது. ஏறுகிறவரின் எடையும், அவர் வெட்டும் அதிர்ச்சியும் சேர்ந்து, ஒட்டியிருக்கும் நார்களை அறுத்துவிடும். தூக்குக்கூடை பொருத்திய வண்டி வந்து, அதில் நின்றபடியே மேற்கிளைகளை அறுக்க வேண்டும். ஏணியைச் சாத்தி, அதன்மேல் நின்று இயந்திர ரம்பம் இயக்குவதும் அதற்கு இணையான கேடே. இயந்திர ரம்பத்தின் நுனி எதிலாவது பட்டால், அது பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கித் துள்ளும். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும் அதனால்தான் தடை செய்யப்பட்டிருக்கிறது.

வெட்டுக்கு முன் கட்டு. இதைப் பழமொழி போலவே வைத்துக்கொள்ளலாம். பிளவு மேலும் இறங்காமல் இருக்க, பிளந்த பகுதியை இரும்புச் சங்கிலியாலோ, முறுக்கி இறுக்கும் கெட்டியான பட்டையாலோ பல இடங்களில் வரிந்து கட்ட வேண்டும். சாதாரணத் தாம்புக்கயிறு இதற்கு உதவாது. அது பாரத்தில் நீளும். நீண்டால் கட்டியும் பயனில்லை. கட்டிவிட்டதனால் மரம் பத்திரமாகிவிட்டது என்றும் எண்ணலாகாது. கட்டு, எதிர்பாராத பிளவைத் தடுப்பதற்கு மட்டுமே. ஏறுவதற்கு உரிமைச் சீட்டு அன்று.

பின்னர் பாரத்தைக் குறைக்க வேண்டும். கிளைகளை நுனியிலிருந்து உள்ளே, சிறு சிறு துண்டுகளாக அறுத்து, கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிளந்த மரத்தின் இரு பாதிகளும் தராசின் இரு தட்டுகளைப் போன்றவை. ஒரு பாதியை முழுவதும் நீக்கிவிட்டுப் பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்றால், பாரம் நீங்கிய பாதி திடீரென விலகும். மற்றது வேறு பக்கம் சாயும். ஆகவே இந்தப் பக்கம் சிறிது, அந்தப் பக்கம் சிறிது என்று மாறி மாறிக் குறைத்து வர வேண்டும். பெரிய கிளையை அறுக்கும்போது, முதலில் அடிப்பக்கத்தில் சிறிதளவு அறுத்து, பிறகு சற்று வெளியே தள்ளி மேற்பக்கத்தில் அறுக்க வேண்டும். மேலிருந்து மட்டும் அறுத்தால், கிளை பாதியில் முறிந்து பட்டையையும் நாரையும் அடிமரம் வரை உரித்துக்கொண்டு இறங்கும்.

இனி அடிமரம். பிளவு முடியும் இடத்துக்குக் கீழே கெட்டியான மரம் இருந்தால், அங்கேதான் வெட்ட வேண்டும். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில், குறுக்களவில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு, வாய் திறந்தாற்போல் ஒரு வெட்டு. அதற்கு எதிர்ப்பக்கத்தில், சற்று உயர்த்தி, பின்வெட்டு. இரண்டு வெட்டுகளும் சந்தித்துவிடலாகாது. நடுவே குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு மரம் அறுபடாமல் நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ, அப்படி இந்த நடுப்பகுதி மரத்தைப் பிடித்துத் திருப்பிப் படுக்க வைக்கும். கீல் இல்லாவிட்டால் மரம் நினைத்த பக்கம் விழும். நாம் நினைத்த பக்கம் விழாது.

பிளந்த மரத்தில் இந்தக் கீலே ஐயத்துக்குரியது. பிளவு கீலைக் குறுக்கே கடந்தால் கீல் இரண்டு துண்டாகி வலிமை இழக்கிறது. பிளவு கீலுக்கு இணையாக ஓடினால் நிலைமை இன்னும் மோசம். பின்வெட்டு முடிவதற்குள் மரம் சாயத் தொடங்கும். அடிமரம் நெடுக்காக மேலும் கிழியும். பின்பாதி, வெட்டுகிறவரின் மார்புக்கு நேரே பின்னோக்கி எழும்பும். மேலைநாட்டு மரத்தொழிலாளர்கள் இதற்கு 'நாவிதர் நாற்காலி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிரிப்பு மூட்டும் பெயர்தான். ஆனால் அந்த நாற்காலியில் அகப்பட்டவர் பிழைப்பது அரிது. அதனால்தான் வெட்டும் இடத்துக்குச் சற்று மேலே சங்கிலிக் கட்டு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

பிளவு தரை வரை இறங்கியிருந்தால், கீழிருந்து வெட்டி வீழ்த்தும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். கிரேன் வண்டி மேலிருந்து பிடித்துக்கொள்ள, தூக்குக்கூடையில் நிற்பவர் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக எடுப்பதே முறை. செலவு கூடுதல்தான். மருத்துவமனைச் செலவோடு ஒப்பிட்டால் குறைவு.

வெட்டுகிறவர் தப்பிச் செல்லும் வழியை வெட்டுக்கு முன்பே திருத்தி வைத்திருக்க வேண்டும். மரம் விழும் திசைக்கு நேர் பின்னே ஓடலாகாது. அடிமரம் அந்தப் பக்கம்தான் உதைக்கும். பின்புறம் சாய்வாக, வலத்தே ஒன்றும் இடத்தே ஒன்றுமாக இரண்டு வழிகள். கல், செங்கல், வெட்டிய கொம்பு எதுவும் காலில் தடுக்காதவாறு அவற்றைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். மரம் அசைந்த கணத்தில் கருவியைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் விலகிவிட வேண்டும்.

மரம் படுத்துவிட்டது, ஆபத்து தீர்ந்தது என்று எல்லாரும் கூடும் நேரமும் ஆபத்தான நேரமே. தரையில் அழுந்தி வளைந்து கிடக்கும் கிளைகள் இன்னும் வில்லாகத்தான் இருக்கின்றன. முதலில் நசுங்கிய பக்கத்தில் சிறிதளவு அறுத்து, அதன்பின் இழுபட்ட பக்கத்தை அறுக்க வேண்டும். வேரோடு சாய்ந்த மரமாயின் மற்றொன்றும் உண்டு. அடிமரத்தை அறுத்துப் பாரத்தை நீக்கியவுடன், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்க்கட்டி திடுமெனத் தன் பழைய குழிக்குள் திரும்பி விழும். குழந்தைகளுக்கு அந்தக் குழி ஓர் அதிசயம். இறங்கி விளையாடத் தோன்றும். வேர்க்கட்டியைக் கட்டி நிறுத்தும்வரையில் ஒரு குழந்தையும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் கடமை.

நேயர்களே, இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தில்லியிலும் மும்பையிலும் கூலிக்கு மரம் வெட்ட வருகிறவர்களுள் பலர் நம்மைப்போலவே பிழைப்பை நாடி வெளியூரிலிருந்து வந்தவர்கள்தாம். நாம் கோப்புகளோடு வந்தோம். அவர்கள் கோடாரியோடு வந்தார்கள். வித்தியாசம் அவ்வளவே. அவர்களுக்கும் ஊரில் பணத்தை எதிர்பார்த்திருக்கும் தாயும் பிள்ளைகளும் உண்டு. 'ஏறிப் பார்க்கிறேன், சாப்' என்று அவர் சொல்வது தைரியத்தால் அன்று. அன்றைய கூலி போய்விடுமே என்ற அச்சத்தால். அந்த வேளையில் 'வேண்டாம், ஐயா, வண்டி வரட்டும், நீங்கள் வந்ததற்குக் கூலி தருகிறேன்' என்று சொல்ல நமக்கு மனம் வர வேண்டும். சில நூறு ரூபாய்க்கு ஒரு குடும்பத்தின் ஆதாரத்தைப் பணயம் வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு.

கடைசியாக, வெட்டிய இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வீழ்த்திய வேம்புக்கு ஈடாக ஒரு கன்றாவது வைப்பது நம் கடமை. சுவருக்கும் கம்பிக்கும் எட்டத்தில் வையுங்கள். அடியைச் சுற்றி மண்ணைத் திறந்து விடுங்கள். முதல் சில ஆண்டுகளில் இரட்டைக் கவடு தோன்றினால், விரல் பருமனாய் இருக்கும்போதே ஒன்றை நீக்கி, ஒரே தண்டாக நிமிர விடுங்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது மரத்துக்கும் பொருந்தும். இளமையில் ஒரு சிறு கத்தியால் திருத்தக்கூடிய குறையைத்தான், முதுமையில் கிரேனும் சங்கிலியும் கொண்டு தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆந்தி அடுத்த கோடையிலும் வரும். அதற்கு முன், வரும் தை மாசியில், உங்கள் வாசல் மரத்தின் கவட்டை ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். பிளவோ காளானோ தென்பட்டால், காற்று வருமுன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.